துருத்தியும் நாக்கும்: செஞ்சி வட்டாரக் கூத்து மரபில் ஆர்மோனியமும் அதன் வீட்டுச் சீரமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஆர்மோனியம், தேவாலயம், நாடக மேடை ஆகியவற்றின் வழியாகத் தமிழகத்தின் வடபகுதிக் கூத்துக் களரியை அடைந்தது. இக்கருவியைப் பற்றிய இந்திய விவாதம் பெரும்பாலும் அது இந்திய இசைக்குப் பொருந்துமா என்னும் வினாவையே சுற்றி அமைந்தது. அக்கருவி பழுதுற்றபோது யார் திறந்தனர், எவ்வாறு மீட்டனர் என்பது அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை. பனமலையை உள்ளடக்கிய செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு, ஆர்மோனியத்தின் கட்டமைப்பு, அதன் பழுதுகள், கூத்தின் பருவச் சுழற்சி, சுருதி சேர்க்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. வீட்டிலேயே திறந்து சீர்செய்யத்தக்க கருவியாக இருந்தமையே ஆர்மோனியம் இம்மரபில் வேரூன்றியதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பதும், சீரமைப்பு என்னும் செயலே அதன் சுருதியையும் மாற்றவல்லது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச் சொற்கள்: ஆர்மோனியம், ரீடு, துருத்தி, தெருக்கூத்து, செஞ்சி, பனமலை, சுருதி, சீரமைப்பு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த சிற்றூர் பனமலை. பல்லவ மன்னன் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலால் இவ்வூர் அறியப்படுகிறது. அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டும், சுவரில் எஞ்சி நிற்கும் தேவியின் ஓவியமும் கலை வரலாற்று நூல்களில் நிலையான இடம் பெற்றவை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மலைகளை இணைத்து எழுந்த செஞ்சிக் கோட்டையும் அவ்வாறே அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது.

கல்லும் கோட்டையும் தவிர இவ்வட்டாரத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது திரௌபதி அம்மன் வழிபாட்டையும் அதனோடு பிணைந்த பாரதக் கூத்தையும் சார்ந்தது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய ஆய்வின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்படும் துணைத்தலைப்பைக் கொண்டது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி கோயிலை இவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதும் மரபை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. ரிச்சர்டு ஃபிராஸ்கா (1990), ஹன்னே டி புருயின் (1999) ஆகியோரின் நூல்கள் கூத்தின் நிகழ்த்துமுறை, குழு அமைப்பு, சமூகப் பின்னணி ஆகியவற்றை விளக்கின.

இவ்வாய்வுகளால் கூத்தின் கதை, சடங்கு, ஒப்பனை, உரிமைமுறை ஆகியவை தெளிவுபெற்றுள்ளன. கூத்தர் கையாளும் பொருள்களின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கூத்தின் இன்றியமையாத இசைக்கருவிகளுள் ஒன்றாகிவிட்ட ஆர்மோனியம் இதற்குச் சிறந்த சான்று. மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவை உள்நாட்டுக் கைவினை மரபில் பிறந்தவை. அவற்றின் தோலையும் சீவாளியையும் மாற்றும் அறிவு தலைமுறைகளாக வந்தது. ஆர்மோனியமோ பாரிசில் காப்புரிமை பெற்று, கடல் கடந்து வந்த இயந்திரம். இத்தகைய இயந்திரம் தொழிற்சாலையிலிருந்தும் பெருநகரிலிருந்தும் தொலைவிலுள்ள சிற்றூர்களில் ஒரு நூற்றாண்டுக் காலம் எவ்வாறு ஒலித்துக்கொண்டிருக்க முடிந்தது என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

கருவி வந்த வழி

ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை தடையின்றி அதிரும் நாக்கினால் ஒலியெழுப்பும் முறை ஆசியாவில் தொன்மையானது. சீனத்தின் செங், இலாவோசின் கேன் ஆகிய மூங்கில் கருவிகள் இம்முறையில் இயங்குவன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கைவினைஞர் இந்நாக்கை விசைப்பலகையோடும் துருத்தியோடும் இணைக்க முயன்றனர். பாரிசைச் சேர்ந்த அலெக்சாண்டர் டெபேன் 1842இல் தம் கருவிக்கு ஆர்மோனியம் என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். காற்றை அழுத்தி வெளித்தள்ளும் டெபேனின் முறைக்கு மாறாக, அமெரிக்க நிறுவனங்கள் காற்றை உள்ளிழுக்கும் முறையிலான ரீடு ஆர்கன்களைப் பெருமளவில் உருவாக்கின. எஸ்டே, மேசன் அண்டு ஹாம்லின் ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. எஸ்டே நிறுவனம் மட்டுமே 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தது.

குழாய் ஆர்கனை வாங்கவோ நிறுவவோ இயலாத சிறு தேவாலயங்களுக்கு ரீடு ஆர்கன் உகந்ததாயிற்று. தென்னாற்காடு, வடஆற்காடு பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆற்காடு மிஷன் பணியாற்றியது. திண்டிவனம் அதன் நிலையங்களுள் ஒன்று. பியானோவைப் போல இழுவிசை தாங்கும் நரம்புகள் இல்லாமையால் ரீடு ஆர்கன் அடிக்கடி சுருதி குலையாது; மாட்டு வண்டியிலும் ஏற்றிச் செல்லலாம். எனினும் அதன் பசையும் மரமும் தோலும் குளிர்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை. தமிழகத்தின் கோடை வெப்பமும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் அவற்றை விரைவில் நெகிழ்த்தின. இவ்வாறு இக்கருவி இந்நிலத்தில் கால்வைத்த நாள் முதலே சீரமைப்பு அதன் வாழ்வோடு ஒட்டிக்கொண்டது.

கருவியின் வடிவமும் இந்தியாவில் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், மிதிப்பலகையை நீக்கிப் பின்புறம் கைத்துருத்தி பொருத்திய பெட்டி ஆர்மோனியத்தை உருவாக்கினார். அவர் நிறுவிய துவார்கின் நிறுவனம் அதனைப் பரவலாக்கியது. தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும் முறை இதனால் நிலைபெற்றது. இம்மாற்றத்தை வாசிப்பு வசதிக்கான மாற்றமாக மட்டுமே காண்பது வழக்கம். சீரமைப்பு நோக்கிலும் இது முதன்மையானது. மிதிப்பலகை, கயிறு, நெம்புகோல் ஆகியவை நீங்கியதால் பழுதுபடும் உறுப்புகள் குறைந்தன. மேற்பலகையைத் திறந்தவுடன் கருவியின் இயக்கம் முழுவதும் கண்ணுக்குப் புலனாயிற்று. பாரிசிலிருந்தும் செருமனியிலிருந்தும் இறக்குமதியான ரீடுகளோடு, பின்னர்க் குசராத்தின் பாலிதானாவில் செய்யப்பட்ட ரீடுகளும் இந்தியச் சந்தையில் இடம்பெற்றன. பெட்டியை ஓரிடத்துத் தச்சர் செய்து, ரீடை வேறிடத்திலிருந்து வாங்கிப் பொருத்தும் நடைமுறை வளர்ந்தது.

நாடக மேடையிலிருந்து கூத்துக் களரிக்கு

தமிழ் நாடக மேடைக்கு ஆர்மோனியத்தைக் கொணர்ந்ததில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கம் பெரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்குழுக்களின் மேடையமைப்பும் மெட்டுகளும் தமிழ் நாடகத்தாரைக் கவர்ந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து இசை நாடகத்தில் ஆர்மோனியக் கலைஞர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். நடிகரின் பாட்டை எடுத்துக் கொடுப்பவர், தொடர்ந்து பாடுபவர், தேவையான இடத்தில் நடிகருடன் உரையாடுபவர். ஆர்மோனியப் பின்பாட்டு என்னும் பெயரில் அவர் நாடக அறிவிப்புகளில் தனியிடம் பெற்றார். செங்கோட்டை கிட்டப்பாவின் மேடைகளில் அவர் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் பெற்ற இடம் இம்மரபின் உச்சத்தைக் காட்டுவதாகும். சுவாமிகளின் இறுதிக்காலம் புதுச்சேரியில் கழிந்தது என்பதும், நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் பயணம் செய்தன என்பதும் நாடக மேடைக்கும் தென்னாற்காட்டுக் கூத்துக் களரிக்கும் இடையே தொடர்பு இருந்ததை எண்ணிப்பார்க்கத் தூண்டுகின்றன.

கூத்தின் பழைய இசையமைப்பில் சுருதியையும் பண்ணையும் தாங்கியது முகவீணை. நாகசுர வகையைச் சேர்ந்த இச்சிறு ஊதுகருவி திறந்தவெளியில் தொலைவரை கேட்கும் கூர்மையான ஒலியுடையது. 20ஆம் நூற்றாண்டில் ஆர்மோனியம் கூத்துக் குழுவில் இணைந்தபோது முகவீணையை அது முற்றாக அகற்றவில்லை. ஊதுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியை ஆர்மோனியத்தின் தொடர்ச்சியான ஒலி நிரப்பியது. இரவு முழுவதும் உயர்ந்த சுருதியில் பாடும் கூத்தருக்கு அவ்வொலி ஊன்றுகோலாயிற்று. விடியற்காலையில் தளரும் குரலைத் தாங்கிப் பிடிப்பதும் பெட்டி வாசிப்பவரின் பொறுப்பே.

இங்கு ஒரு சொல்லைக் கருதலாம். பாடகரின் சுருதியைத் தமிழர் 1 கட்டை, 2 கட்டை, 4½ கட்டை என்று அளவிடுகின்றனர். கட்டை என்பது விசைப்பலகையின் மரத்துண்டு. முதல் வெள்ளைக் கட்டை 1, நான்காவது வெள்ளைக் கட்டை 4, அதனை அடுத்த கருப்புக் கட்டை 4½ என இவ்வளவை அமைகிறது. ஆர்மோனியத்தை ஏற்காத செவ்வியல் இசை அரங்குகளும் இவ்வளவையைத்தான் பயன்படுத்துகின்றன. தோளிலும் மார்பிலும் அணியும் மரக்கட்டை அணிகலன்களால் கட்டைக்கூத்து என்றும் வழங்கப்பெறும் கலையில், இசையின் அளவையும் கட்டையாகவே அமைந்தது தற்செயலான சொல்லொற்றுமையே. எனினும், மரவேலை அறிந்த கைகள் இவ்விரண்டு கட்டைகளையும் பேணவேண்டியிருந்தது என்னும் பொருளில் அவ்வொற்றுமை கருதத்தக்கது.

பெட்டியின் உள்ளமைப்பும் பழுதுகளும்

பெட்டி ஆர்மோனியத்தின் இயக்கம் எளிமையானது. வெளித்துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. சுருள்வில்லால் அழுத்தப்படும் உள்துருத்தி அக்காற்றைச் சேமித்துச் சீராக விடுக்கிறது. முகப்பிலுள்ள குமிழைப் பற்றி இழுத்தால் ரீடு அறைக்குக் காற்று செல்லும் வழி திறக்கிறது. கட்டையை அழுத்தும்போது அதன் மறுமுனையில் துளையை மூடியிருக்கும் தோல் ஒட்டிய பட்டை உயர்கிறது. காற்று ரீடின் வழியே வெளியேறுகிறது. பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. விரலை எடுத்தவுடன் கம்பிவில் பட்டையை மீண்டும் துளைமேல் அமர்த்துகிறது. பொதுவாக மூன்று முதல் மூன்றரைத் தாயி வரையிலான கட்டைகளும், ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்று முதல் மூன்று வரையிலான ரீடுகளும் அமையும்.

இவ்வமைப்பில் நேரும் பழுதுகளை நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது, காற்றுக் கசிவு. துருத்தியின் மடிப்புகள் அட்டையாலும் துணியாலும் ஆனவை. மூலைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டப்பட்டிருக்கும். அடிக்கடி மடிந்து விரிவதால் முதலில் கிழிவது அம்மூலைகளே. பசையின் மாவுக்காகக் கரப்பானும் எலியும் துருத்தியைத் தேடி வருகின்றன. கசிவைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குமிழ்களை அடைத்துவிட்டு உள்துருத்தியில் காற்றை நிரப்பி, அது எவ்வளவு விரைவில் தாழ்கிறது என்று பார்த்தாலே போதும். ஈரமாக்கிய புறங்கையைத் துருத்தியின் ஓரமாக நகர்த்தினால் காற்று வெளியேறும் இடம் குளிர்ச்சியால் தெரியவரும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, மெல்லிய தோல், மயில்துத்தம் கலந்த மாவுப்பசை ஆகியவை கொண்டு இக்கிழிசலை ஒட்டலாம். அப்பசை புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிப்பைத் தடுக்கக் காய்ச்சும் பசையேயாகும்.

இரண்டாவது, அழுத்தாமலே ஒலிக்கும் கட்டை. துளைக்கும் பட்டைக்கும் இடையே தூசி நுழைவதாலோ, தோல் இறுகிப் பள்ளம் விழுவதாலோ, கம்பிவில் தளர்வதாலோ இது நேர்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் இதற்குக் காரணமாகும். கம்பியை வளைத்து இறுக்குதல், தோலைத் தேய்த்து மென்மையாக்குதல் அல்லது மாற்றுதல், கட்டையின் பக்கவாட்டை உப்புத்தாளால் சிறிதளவு தேய்த்தல் ஆகியவை இதற்கான தீர்வுகள். ஈரத்தால் ஊதிய கட்டையை அளவுக்கு மீறித் தேய்த்தால் கோடையில் அது தளர்ந்து ஆடும் என்பதை அனுபவமுடையவர் அறிவர். எனவே தேய்ப்பதற்கு முன் காயவைத்துப் பார்ப்பது முறையாயிற்று.

மூன்றாவது, ஒலிக்காத அல்லது கரகரக்கும் ரீடு. நாக்குக்கும் அதன் சட்டத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி மயிரிழை அளவினது. அதில் சிக்கும் ஒரு துகளே ஒலியை அடைக்கப் போதுமானது. மெல்லிய தாளை நாக்கின் அடியில் செலுத்தி இழுத்தால் பெரும்பாலும் ஒலி மீளும். நாக்கு நடுவிலிருந்து விலகியிருந்தால் தறையாணியின் பிடியை மெல்லத் திருப்பி நேராக்கவேண்டும். ஈரக்காற்றால் பித்தளையில் படரும் பச்சைக் களிம்பை அகற்றுவதும் இவ்வகையில் அடங்கும்.

நான்காவது, நாக்கு முறிதல். இதுவொன்றே வீட்டில் எளிதில் சீர்செய்ய இயலாத பழுது. புதிய ரீடு கிடைக்கும்வரை, அரிதாக வாசிக்கப்படும் ஓரக் கட்டையிலிருந்து ஏறத்தாழ ஒத்த அளவுடைய ரீடைக் கழற்றி, சுருதியைத் திருத்தி, முறிந்த இடத்தில் பொருத்துவது இதற்குரிய எளிய உத்தி. அதனால் பெட்டியின் விளிம்பில் சில கட்டைகள் ஊமையாகும். நடுப்பகுதி தொடர்ந்து பாடும். பழைய பெட்டியொன்றில் ஊமைக் கட்டைகள் எங்கெங்கு உள்ளன என்பதைக் கொண்டு, அதனை வைத்திருந்தவர் எந்தச் சுருதியில், எந்த வீச்சுக்குள் வாசித்தார் என்பதை ஓரளவு உய்த்துணர முடியும். அவ்வகையில் பழுதுபட்ட பெட்டியும் ஓர் ஆவணமே. அருங்காட்சியகத்துக்காகப் புதுப்பிக்கும்போது இச்சுவடுகள் முதலில் அழிந்துவிடுகின்றன.

இப்பழுதுகளுக்குத் தேவைப்படும் கருவிகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. திருப்புளி, குறடு, சவர பிளேடு, உப்புத்தாள், பசை, துணி, தோல் ஆகிய அனைத்தும் ஒரு சிற்றூர் வீட்டிலோ, தச்சர், செருப்புத் தைப்பவர், தையற்காரர் ஆகியோரின் பட்டறையிலோ உள்ளவை. மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் தோல் பதப்படுத்தி வார்பிடிக்கும் அறிவு கூத்துக் குழுக்களில் முன்பே இருந்தது. கூத்தின் கட்டை அணிகலன்களுக்குத் தேவையான மரவேலையும் அவர்களுக்குப் புதிதன்று. அயல்நாட்டுக் கருவியைத் திறந்தபோது அவர்கள் கண்டது தோல், மரம், துணி, பித்தளை ஆகிய தமக்குப் பழக்கமான பொருள்களையே.

பருவமும் பணியும்

திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்கள் பெரிதும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் நடைபெறுகின்றன. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்ந்து, படுகளம், தீமிதி ஆகியவற்றோடு விழா நிறைவுறும். அறுவடை முடிந்த காய்ந்த வயலும், மழையற்ற இரவும் கூத்துக்கு இன்றியமையாதவை. குழு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இடைவெளியின்றிச் செல்லும் இக்காலத்தில் பெட்டிக்கு ஓய்வில்லை. புழுதியும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் புகையும் அதனுள் படிகின்றன. பழுது நேர்ந்தால் அன்று மாலைக்குள் அது மீண்டும் ஒலித்தாகவேண்டும். சென்னைக்கோ புதுச்சேரிக்கோ எடுத்துச் சென்று திரும்பும் கால இடைவெளி குழுவுக்கு இல்லை. ஓர் இரவுக் கூத்தை இழந்தால் அன்றைய ஊதியம் மட்டும் இழப்பாகாது. அவ்வூர்க்காரரின் அடுத்த ஆண்டு அழைப்பும் ஐயத்துக்குரியதாகும்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூத்து குறைகிறது. முழுமையாகப் பிரித்துச் செய்யும் பணிக்கு அப்போதுதான் ஓய்வு கிடைக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த அக்காலத்தில் ஒட்டிய பசை காய்வதில்லை; ஊதிய மரத்தின் உண்மை அளவும் தெரிவதில்லை. ஆகவே, விழாக்காலத்தில் விரைந்து செய்யும் தற்காலிகச் சீரமைப்பு, மழைக்கும் விழாவுக்கும் இடைப்பட்ட தை, மாசி மாதங்களில் பொறுமையாகச் செய்யும் முழுச் சீரமைப்பு என இருவகைப் பணிகளாக இது பிரிவது கருவியின் இயல்பாலும் பருவத்தின் இயல்பாலும் விதிக்கப்பட்டதாகும். வேளாண் நாட்காட்டியும் வழிபாட்டு நாட்காட்டியும் ஒரு பாரிசு இயந்திரத்தின் பராமரிப்பு நாட்காட்டியாகவும் அமைந்துவிட்டன.

சுருதி சேர்த்தல்: விவாதமும் வினையும்

ஆர்மோனியத்தின் மீது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு அதன் சுருதியமைப்பைப் பற்றியது. ஒரு தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கும் மேலைமுறை இந்திய இசையின் நுண்சுருதிகளைச் சிதைக்கிறது என்றும், கமகத்துக்கு இடமளிக்கவில்லை என்றும் கூறப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கருத்தை வலியுறுத்தினார். கே. பி. தேவலும் கிளமெண்ட்சும் 22 சுருதிகளைத் தரவல்ல தனி ஆர்மோனியத்தை உருவாக்க முயன்றனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 22 சுருதிக் கொள்கையையே மறுத்து, 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் வாதிட்டார். மறு ஆண்டு அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அம்முடிவை இரவீந்திரநாத் தாகூரும் வரவேற்றார். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டவை. ஆகவே தமிழ் வானொலி தன் தொடக்க ஆண்டுகளிலேயே ஆர்மோனியமற்ற வானொலியாயிற்று. 1970களின் தொடக்கத்தில்தான் அத்தடை தளர்ந்தது.

இவ்விவாதத்தில் இருதரப்பும் ஒன்றை ஏற்றுக்கொண்டன: ஆர்மோனியத்தின் சுருதி தொழிற்சாலையில் நிலைநிறுத்தப்பட்டுவிட்ட ஒன்று என்பதே அது. ரீடைச் சீர்செய்யும் முறையை அறிந்தால் இவ்வெடுகோள் ஐயத்துக்குரியதாகிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி உயரும். பொருத்தப்பட்ட அடிப்பகுதியைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி தாழும். நாக்கு வளையாமலிருக்க அதன் அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, பிளேடின் முனையால் ஓரிரு முறை வருடினாலே மாற்றம் செவிக்குத் தெரியும். சுரண்டிய உலோகம் திரும்ப வராது. ஒவ்வொரு திருத்தமும் நாக்கின் ஆயுளைக் குறைக்கும். ஆயினும் சுருதியை நிருணயிக்கும் ஆற்றல் தொழிற்சாலையிலிருந்து சீரமைப்பவரின் கைக்கும் செவிக்கும் மாறிவிடுகிறது.

அச்செவி எதனை அளவுகோலாகக் கொள்ளும்? சமச் சுருதி அமைப்பில் 1 கட்டைச் சட்சம் 261.6 ஹெர்ட்ஸ் என்றால், பஞ்சமம் ஏறத்தாழ 392.0 ஹெர்ட்ஸ், இயற்கைச் சுருதியில் அது 392.4. இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்யும்போது சமச் சுருதிப் பஞ்சமத்தில் நொடிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவான விம்மலே எழும். அந்தர காந்தாரத்தின் நிலை வேறு. சமச் சுருதியில் அது இயற்கைச் சுருதியைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்து, நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட விம்மல்களைத் தரும். விம்மல் அடங்கும்வரை செவியால் சேர்ப்பவர், தம்மையறியாமலே பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் இயற்கைச் சுருதியை நோக்கி நகர்த்துகிறார். அளவுகோலாகும் சுருதிக்கவையோ மின்னளவியோ இல்லாத வீட்டில், சட்சத்தை நிலையாக்கி ஏனையவற்றைக் குரலோடும் முகவீணையோடும் ஒப்பிட்டுச் சேர்ப்பதே இயலக்கூடிய வழி. அவ்வாறு பலமுறை திருத்தப்பட்ட பெட்டி, அக்குழுவின் சட்சத்துக்கு ஏற்றதாகவும் ஏனைய சட்சங்களுக்குப் பொருந்தாததாகவும் காலப்போக்கில் மாறுவது இயல்பு.

இதனால் ஆர்மோனியத்தின் மீதான குற்றச்சாட்டு முற்றிலும் பிழை என்று ஆகிவிடாது. கமகம் இல்லாமை கட்டையின் இயல்பிலேயே உள்ள குறை. அதனை எந்தச் சீரமைப்பும் நீக்காது. ஆனால் சமச் சுருதி பற்றிய வாதம் கடையில் விற்ற நாளன்று இருந்த கருவியைப் பற்றியது. இருபது ஆண்டுகள் களரியில் உழைத்த கருவி வேறொன்று. வானொலி நிலையத்தின் கதவு ஆர்மோனியத்துக்கு மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், கூத்துக் களரியில் அது ஒலித்துக்கொண்டேயிருந்தது. அங்கு அதன் தகுதியைத் தீர்மானித்தவர்கள் விடியும்வரை அமர்ந்து கேட்டவர்கள்.

மின்னணு விசைப்பலகையின் வருகை

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மின்னணுச் சுருதிப்பெட்டியும் விசைப்பலகையும் கிராமியக் கலை மேடைகளில் இடம்பெறத் தொடங்கின. எடை குறைவு, உரத்த ஒலி, திரையிசை மெட்டுகளுக்கு ஏற்ற பல்வகை ஒலிகள், ஒரு பொத்தானை அழுத்தி வேறு சுருதிக்கு மாற்றும் வசதி ஆகியவை அவற்றின் நன்மைகள். சுருதி குலைவதில்லை என்பதும் உண்மை.

சீரமைப்பு நோக்கில் இம்மாற்றத்தின் விளைவு வேறு. மின்னணுக் கருவி பழுதுற்றால் அதைத் திறந்து பார்ப்பதால் பயனில்லை. பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. தோலும் பசையும் அறிந்த கைக்கு அங்கு வேலையில்லை. மேலும், அதன் சமச் சுருதி மெய்யாகவே மாற்றமற்றது. 1940இல் ஆர்மோனியத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றம் முழுமையாகப் பொருந்தும் கருவி இப்போதுதான் களரிக்கு வந்துள்ளது. ஆனால் அன்றைய விவாதம் இன்று எழவில்லை. மறுபுறம், பழைய பெட்டியைத் திறக்கும் பழக்கம் குறையும்போது, எழுதி வைக்கப்படாமல் பார்த்தும் தொட்டும் கற்ற அறிவு ஒரு தலைமுறைக்குள் மறையக்கூடும். கூத்துப் பாடல்களைப் பதிவு செய்வதற்கும் பிரதிகளைப் பதிப்பிப்பதற்கும் முயற்சிகள் நடக்கின்றன. பெட்டியைப் பிரித்துச் சேர்க்கும் முறையையும், ஒவ்வொரு பெட்டியின் இன்றைய சுருதி அளவுகளையும் பதிவு செய்வது அவற்றுக்கு இணையான தேவையாகும்.

முடிவுரை

ஓர் அயல்நாட்டுக் கருவி உள்நாட்டு மயமாவதை அக்கருவியில் எந்த இசை வாசிக்கப்பட்டது என்பதைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். அதனை யார் திறந்தனர் என்பதையும் கொண்டு மதிப்பிடவேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. கைத்துருத்திப் பெட்டியாக வடிவம் எளிமையுற்றமை, அதன் உறுப்புகள் கூத்தருக்கும் கைவினைஞருக்கும் பழக்கமான பொருள்களால் ஆனமை, கூத்துப் பருவத்தின் நெருக்கடி, நகரத்துத் தொலைவு ஆகியவை சேர்ந்து சீரமைப்பை வீட்டுப் பணியாக்கின. வீட்டுப் பணியாக மாறியமையால் சுருதியும் வீட்டுச் செவிக்கு ஏற்ப நகர வாய்ப்பு ஏற்பட்டது.

பனமலைக் கோயிலின் ஓவியத்தைக் காப்பதற்கு வேதியியலும் நிறுவனங்களும் உண்டு. அதே நிலப்பகுதியின் கூத்துப் பெட்டிக்கு அத்தகைய காப்பு இல்லை. தை, மாசி மாதத்துத் திண்ணையும், மாவுப்பசையும், ஒரு பிளேடும், நல்ல செவியும் உடைய ஒருவரே அதன் காப்பகம். துருத்தியின் ஒட்டுகளும், நாக்கின் சுரண்டல்களும், ஊமையாக்கப்பட்ட ஓரக் கட்டைகளும் எழுத்தாவணங்கள் சொல்லாத இசை வரலாற்றைத் தாங்கியுள்ளன. அவற்றைப் படித்துப் பதிவு செய்வது, அக்கருவிகளும் அவற்றைத் திறக்கத் தெரிந்த கைகளும் ஒருங்கே இருக்கும் இக்காலத்தில்தான் இயலும்.